சொன்னதைச் செய்கிறதா மத்திய அரசு? வேலூரில் இருந்தபடியே சரிபார்க்க ஒரு முழு வழிகாட்டி

2025 ஜனவரி 30 அன்று தோல் ஆலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்பட்டும் இன்னும் இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் அரசே கொடுத்துவிட வேண்டும், பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு ஜூலையில் மத்திய அரசு வேறொரு செய்தி சொன்னது: நாட்டின் மின் நிறுவுதிறனில் (மின் நிலையங்களால் தயாரிக்கக்கூடிய அளவில்) பாதி, நிலக்கரி, எரிவாயு, டீசல் அல்லாத வழிகளுக்கு வந்துவிட்டது, 2030-க்கு உலகத்திடம் கொடுத்த வாக்கை ஐந்து ஆண்டு முன்பே நிறைவேற்றிவிட்டோம்.

இரண்டில் எது உண்மை என்று கேட்டால், இரண்டுமே உண்மை. அதனால்தான் "அரசு சுற்றுச்சூழல் விஷயத்தில் சொன்னதைச் செய்கிறதா" என்ற கேள்விக்கு டீக்கடையில் கிடைக்கும் பதில் எதுவும் உதவாது. ஆளுங்கட்சிக்காரர் ஜூலைச் செய்தியைக் காட்டுவார், எதிர்க்கட்சிக்காரர் ஜனவரித் தீர்ப்பைக் காட்டுவார். என் கணிப்பு என்னவென்றால், வாக்கு நேரடியாக மீறப்படுவது குறைவு. கெடு தள்ளிப்போகும், இல்லையென்றால் அளக்கிற கோலே சத்தமில்லாமல் மாறும். அதைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வதுதான் இந்த வழிகாட்டியின் வேலை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக்காரர்கள் ஒரு செல்போன், ஒரு நோட்டுப் புத்தகம், பத்து ரூபாய் கட்டணம் ஆகியவற்றோடு தொடங்கலாம்.

படி 1: மேடையில் சொன்னதையும் எழுதிக் கொடுத்ததையும் பிரித்து எழுதுங்கள்

நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள். என்ன வாக்கு, எவ்வளவு, எந்த ஆண்டோடு ஒப்பிட்டு, எந்த ஆண்டுக்குள், யார் பொறுப்பு. ஐந்தும் நிரம்பாத வாக்கைச் சரிபார்க்க முடியாது. அதைத் தனிப் பக்கத்தில் ஒதுக்கி வையுங்கள். "பசுமையான எதிர்காலம் அமைப்போம்" என்பதெல்லாம் அந்தப் பக்கத்துக்குத்தான் போகும்.

பருவநிலை வாக்குகளில் இந்தப் பிரிப்பு ரொம்ப முக்கியம். 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் பிரதமர் ஐந்து வாக்குகளை அறிவித்தார். 2030-க்குள் 500 ஜிகாவாட் புதைபடிவமற்ற (நிலக்கரி, எரிவாயு, டீசல் அல்லாத) மின் திறன், எரிசக்தித் தேவையில் பாதி புதுப்பிக்கத்தக்க வழிகளில் இருந்து, நூறு கோடி டன் உமிழ்வுக் குறைப்பு, பொருளாதாரத்தின் உமிழ்வுச் செறிவில் (ஒவ்வொரு ரூபாய் உற்பத்திக்கும் வெளிவரும் கார்பன் அளவில்) 45 சதவீதக் குறைப்பு, 2070-ல் நிகர பூஜ்யம், அதாவது வெளிவிடும் அளவும் உறிஞ்சும் அளவும் சமம். 2022 ஆகஸ்டில் ஐ.நா.வுக்கு எழுத்தில் போன தேசிய வாக்கில் எண்ணிக்கையோடு இருப்பவை இவை: 2005-ஐ ஒப்பிட்டு 2030-க்குள் உமிழ்வுச் செறிவில் 45 சதவீதக் குறைப்பு, மின் நிறுவுதிறனில் சுமார் 50 சதவீதம் புதைபடிவமற்றது, 2015-லேயே சொன்ன, காடுகளாலும் மரங்களாலும் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் இலக்கு.

மேடையில் "எரிசக்தித் தேவையில் பாதி". காகிதத்தில் "மின் நிறுவுதிறனில் பாதி". லாரி டீசல், அடுப்பு கேஸ், செங்கல் சூளை எல்லாம் சேர்ந்தது எரிசக்தி. மின்சாரம் அதில் ஒரு பகுதி. நிறுவுதிறன் என்பது அந்த மின்சாரத்தைத் தயாரிக்கக்கூடிய இயந்திரங்களின் அளவு மட்டுமே. ஒரே பாதிதான், ஆனால் எதில் பாதி என்பது இரண்டு படி இறங்கிவிட்டது. 500 ஜிகாவாட் அரசின் உள்நாட்டு இலக்காக இருக்கிறது, ஐ.நா.வுக்குக் கொடுத்த கணக்கில் இல்லை. ஆகவே ஒவ்வொரு வாக்குக்கும் பக்கத்தில் "பேச்சு" அல்லது "தாள்" என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: அந்த வாக்கு இங்கே செல்லுமா?

"ஜெனீவாவிலும் கிளாஸ்கோவிலும் சொன்னதை வைத்து வாணியம்பாடியில் என்ன செய்ய முடியும்" என்று கேட்பவர்களுக்குச் சொல்ல நம்மிடமே பதில் இருக்கிறது. 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் மத்திய அரசுக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஆபத்து வருமுன்னே தடுக்க வேண்டும், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் நிலைநாட்டப்பட்டது. 1972 ஸ்டாக்ஹோம், 1992 ரியோ மாநாடுகளில் பேசப்பட்டவை இந்திய நீதிமன்றத்துக்குள் கால் வைத்தது நம் ஆற்றங்கரை வழியாகத்தான். இன்று நாட்டின் எந்த மூலையில் சுற்றுச்சூழல் வழக்கு நடந்தாலும் வேலூர் பேர் அடிபடுகிறது. வேலூர்க்காரர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது என்பது தனி வருத்தம்.

அந்தத் தீர்ப்பிலேயே நீங்கள் சரிபார்க்க வேண்டிய முதல் வாக்கும் இருக்கிறது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக வேலூர் ஆய்வு மையத்தின் கணக்கை நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 3(3)-ன் கீழ் ஓர் ஆணையத்தை மத்திய அரசே அமைக்க வேண்டும் என்றது. அமைத்தார்கள். சூழல் இழப்பு ஆணையம் 2001-ல் சுமார் 29,000 பேருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு என்று தீர்மானித்தது. வகுத்துப் பாருங்கள், ஆளுக்குச் சராசரியாகப் பத்தாயிரம்கூட வராது. அந்தத் தொகையும் சேர வேண்டியவர்கள் எல்லாருக்கும் சேராமல்தான் 2025-ல் உச்ச நீதிமன்றம் திரும்பவும் ஆறு வாரக் கெடு வைக்க வேண்டி வந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து, பாலாற்றுப் பகுதியைச் சீர்ப்படுத்தும் வேலையைத் தணிக்கை செய்யவும் சொன்னது.

2024 மார்ச்சில் கானமயில் வழக்கில், பருவநிலை மாற்றத்தின் கேடுகளில் இருந்து விடுபட்டு வாழும் உரிமை அரசியல் சட்டம் 14, 21-ஆம் பிரிவுகளில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனு எழுதும்போது இந்த மூன்று தீர்ப்புகளின் பெயரும் ஆண்டும் போதும். பக்கம் பக்கமாக மேற்கோள் தேவையில்லை.

படி 3: பழைய பெயரில் தேடுங்கள்

ஆவணம் தேடுகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் சோர்ந்துவிடுகிறார்கள். வட ஆற்காடு மாவட்டம் 1989-ல் பிரிந்து வட ஆற்காடு அம்பேத்கர், திருவண்ணாமலை சம்புவராயர் என்றானது, பிறகு வேலூர், 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று. 1996 தீர்ப்பில் இருப்பது வட ஆற்காடு அம்பேத்கர். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியலில் இருப்பது "வேலூர் - நார்த் ஆற்காட்". ஆம்பூரும் வாணியம்பாடியும் இன்று திருப்பத்தூரில், வாலாஜாவும் மேல்விஷாரமும் ராணிப்பேட்டையில், பேர்ணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரில். ஆங்கில எழுத்தில் தேடும்போது எல்லாப் பெயரையும், எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். பத்தாண்டுப் புள்ளிவிவரத்தை ஒப்பிடுமுன், எந்த எல்லைக்குள் எடுத்த கணக்கு என்று பார்த்துவிடுங்கள். மாவட்டம் சுருங்கியதால் எண் குறைந்திருக்கும்; மாசு குறைந்ததாகத் தோன்றும்.

கூடவே பொறுப்பையும் பிரித்துக்கொள்ளுங்கள். ஐ.நா. வாக்கு, தேசியத் தரநிலைகள், பெரிய திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் அனுமதி ஆகியவை மத்திய அமைச்சகத்துடையது. ஆலைக்கு இசைவாணை கொடுப்பதும் ஆய்வு செய்வதும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். டெல்லியைக் கேட்டால் சென்னையைக் காட்டும், சென்னையைக் கேட்டால் டெல்லியைக் காட்டும். இதற்கு ஒரு மருந்து உண்டு: 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் பிரிவு 18(1)(b). மாநில வாரியத்துக்கு மத்திய வாரியம் கட்டளையிடும் அதிகாரம் அதில் இருக்கிறது. கட்டளை போட்டார்களா என்பது மத்திய வாரியத்திடமே நேரடியாகக் கேட்கக்கூடிய கேள்வி. படி 8-ல் அதைப் பயன்படுத்துவோம்.

படி 4: அரசின் கணக்கை அரசின் கணக்கோடு மோதவிடுங்கள்

வெளியார் அறிக்கை எதுவும் முதலில் வேண்டாம். உலகத் தரவரிசைகளை நம்பி இறங்கினால் குழப்பம்தான். 2024-ல் வந்த சுற்றுச்சூழல் செயல்திறன் குறியீட்டில் இந்தியா 180 நாடுகளில் 176-வது. அதே ஆண்டு நவம்பரில் வந்த பருவநிலை மாற்றச் செயல்திறன் குறியீட்டில் பத்தாவது. ஒன்று காற்றுத் தரம், காடு, உயிரினம் என்று பலதையும் எடை போடுகிறது. இன்னொன்றில் தலைக்கு எவ்வளவு உமிழ்வு என்பதற்குக் கனமான இடம் உண்டு. எதிராளி எந்தப் பட்டியலைக் கொண்டுவந்தாலும், எதை அளந்தார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

மின்சாரத்தில் தொடங்குங்கள், அது சுலபம். மத்திய மின்சார ஆணையம் மாதாமாதம் இரண்டு கணக்கு வெளியிடுகிறது: நிறுவுதிறன் ஒன்று, உண்மையில் தயாரான மின்சாரம் இன்னொன்று. 2025 ஜூன் இறுதியில் மொத்த நிறுவுதிறன் 484.8 ஜிகாவாட், அதில் புதைபடிவமற்றது 242.8. பாதி தாண்டியாயிற்று, தாளில் உள்ள வாக்கு நிறைவேறியாயிற்று, இதை மறுக்கக் கூடாது. ஆனால் 2024-25-ல் நாட்டில் தயாரான மின்சாரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் நிலக்கரியில் இருந்துதான் வந்தது. சூரியத் தகடு ராத்திரியில் சும்மா கிடக்கும், அனல் நிலையம் ஓடும். நோட்டில் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

உமிழ்வுச் செறிவு என்பது ஒவ்வொரு ரூபாய்ப் பொருளாதார உற்பத்திக்கும் எவ்வளவு கார்பன் என்ற கணக்கு. 2024 டிசம்பரில் ஐ.நா.வுக்கு இந்தியா கொடுத்த அறிக்கைப்படி 2005-க்கும் 2020-க்கும் இடையே அது 36 சதவீதம் குறைந்திருக்கிறது. 2015-ல் சொன்ன 33-35 சதவீத இலக்கு பத்து ஆண்டு முன்னதாகவே முடிந்தது. நல்ல வேகம்தான். செறிவு குறையும்போதே மொத்தப் புகை ஏறவும் முடியும் என்பதையும், 2020 ஊரடங்கு ஆண்டு என்பதையும் ஓரத்தில் குறித்துவையுங்கள்.

காட்டுக் கணக்கில்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டியது நிறைய. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வெளியிடும் அறிக்கையில், 2023 பதிப்பின்படி நாட்டின் நிலப்பரப்பில் 25.17 சதவீதம் காடும் மரமும். 1988 தேசிய வனக் கொள்கை சொன்னது மூன்றில் ஒரு பங்கு. இந்த அறிக்கைக்கு எது காடு? ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலம், மேலிருந்து பார்த்தால் பத்து சதவீதத்துக்கு மேல் மர நிழல். யாருடைய நிலம், என்ன மரம் என்று பார்ப்பதில்லை. குடியாத்தத்தில் இருந்து பள்ளிகொண்டா வரை நீளும் தென்னந்தோப்புகளை நினைத்துப் பாருங்கள். இரண்டரை ஏக்கர் தோப்பு வைத்திருக்கிற விவசாயி தான் ஒரு காட்டுக்குச் சொந்தக்காரர் என்று அறிய மாட்டார். செயற்கைக்கோள் கணக்கில் அவர் தோப்பும் காட்டுப் பரப்பில் ஏறிவிடும். ஜவ்வாது மலையில் நூறு ஏக்கர் இயற்கைக் காடு போய், சமவெளியில் நூறு ஏக்கர் மாந்தோப்பு வந்தால் கூட்டுத்தொகை நகராது.

ஆகவே மொத்தச் சதவீதத்தைப் பார்க்காதீர்கள். மாவட்ட அட்டவணைக்குப் போங்கள். மிக அடர்ந்த காடு, நடுத்தர அடர்த்தி, திறந்த காடு என்று மூன்று கட்டம் இருக்கும். எழுபது சதவீத நிழலுக்கு மேல் உள்ளதுதான் மிக அடர்ந்தது. நம் மூன்று மாவட்டத்துக்கும் அந்த முதல் இரண்டு கட்டம் பதிப்புக்குப் பதிப்பு எப்படி நகர்கிறது என்று பாருங்கள். பெங்களூர் - சென்னை விரைவுச்சாலை போன்ற திட்டம் உங்கள் பக்கம் வருகிறதென்றால், மத்திய அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் அதன் அனுமதிக் கடிதமும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஜூன், டிசம்பரில் கொடுக்க வேண்டிய இணக்க அறிக்கையும் (அனுமதியின் நிபந்தனைகளை எப்படிக் கடைப்பிடித்தார்கள் என்று சொல்வது) கிடைக்கிறதா என்று தேடுங்கள். மரம் நட்டதாகச் சொன்ன சர்வே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால், பாதி உண்மை தெரிந்துவிடும்.

படி 5: கோல் மாறிய இடத்தைக் கண்டுபிடியுங்கள்

வேலூருக்கு நேரடியாகப் பொருந்துவதில் தொடங்கலாம். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டது. எழுபதுக்கு மேல் போனால் கடுமையாக மாசுபட்ட பகுதி. வேலூர் - வட ஆற்காடு 81.79 வாங்கி நாட்டிலேயே எட்டாவதாக நின்றது. 2010 ஜனவரியில் இத்தகைய 43 பகுதிகளில் புதிய ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. செயல்திட்டம் தாக்கல் செய்த பகுதிகளுக்குத் தடை ஒவ்வொன்றாக விலக்கப்பட்டது. 2018-ல் திரும்ப அளந்தபோதும் நம் பகுதி எழுபதுக்கு மேலேதான். அதாவது திட்டம் போட்டதற்குத் தடை நீங்கியது, மாசு குறைந்ததற்கு அல்ல.

இப்போது இன்னொரு பட்டியலைப் பாருங்கள். 2019-ல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் முதலில் சொன்னது, 2017-ஐ ஒப்பிட்டு 2024-க்குள் நுண்துகள் 20 முதல் 30 சதவீதம் குறைப்பு. பிறகு 2025-26-க்குள் 40 சதவீதம் வரை என்று இலக்கு உயர்ந்தது, கெடுவும் நகர்ந்தது. பணம் பிரிப்பதற்கான மதிப்பீடு பெரும்பாலும் பி.எம். 10 என்ற பெரிய துகளை வைத்து நடக்கிறது. நுரையீரலின் ஆழத்துக்குப் போவது பி.எம். 2.5. இந்தத் திட்டத்தின் நகரங்களில் தமிழ்நாட்டில் இருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி இருக்கின்றன. வேலூர் இல்லை. ஒரே வாரியத்தின் ஒரு பட்டியலில் கடுமையாக மாசுபட்டவர்கள் நாம், இன்னொரு பட்டியலில் ஆளே இல்லை.

அனல் மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடு வரம்பு இதைவிடத் தெளிவான உதாரணம். 2015 டிசம்பரில் அறிவிப்பு, இரண்டு வருடக் கெடு. கெடு பல முறை தள்ளிப்போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தகம் நீக்கும் கருவி பொருத்துவதில் இருந்தே விலக்கு. அந்த நிலையங்கள் வாக்கை நிறைவேற்றவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது, வாக்கே இல்லை.

அனுமதி வாங்காமல் ஆலை கட்டிவிட்டுப் பின்னால் அனுமதி கேட்பதையும் கவனியுங்கள். 2025 மே மாதம் அதை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. நவம்பரில் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அந்தத் தீர்ப்பே திரும்பப் பெறப்பட்டது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை என்றிருந்ததை 2023-ஆம் ஆண்டு ஜன் விஸ்வாஸ் சட்டம் பத்தாயிரம் முதல் பதினைந்து லட்சம் ரூபாய் வரை அபராதமாக மாற்றியது. பெரிய ஏற்றுமதி ஆலைக்குப் பதினைந்து லட்சம் எவ்வளவு என்று ஆம்பூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

படி 6: பணமும் பேச்சும்

மத்திய பட்ஜெட் ஆவணத்தில் ஒவ்வொரு திட்டத்துக்கும் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு என்று தனித்தனிக் கட்டம் உண்டு. நாளிதழ் தலைப்பில் வருவது முதல் கட்டம். நீங்கள் பார்க்க வேண்டியது கடைசிக் கட்டம். 2024-25-ல் மாசுக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு ஒதுக்கிய 858 கோடியில் ஜனவரி வரை ஒரு சதவீதம்கூடச் செலவாகவில்லை என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2025 மார்ச்சில் சுட்டிக்காட்டியது. திட்டத்தைத் தொடர ஒப்புதல் வரக் காத்திருந்தார்களாம்.

நாடாளுமன்றக் கேள்வி-பதில்கள் எல்லாம் சன்சத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பாலாறு, டேனரி, ராணிப்பேட்டை என்று தேடினால் அமைச்சரின் எழுத்துப் பதில் கையில் வரும். பலருக்குத் தெரியாத ஒரு வசதி, உறுதிமொழிக் குழு. அவையில் அமைச்சர் "தகவல் திரட்டப்படுகிறது", "பரிசீலனையில் உள்ளது" என்று சொன்னால் அது உறுதிமொழியாகப் பதிவாகும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். நிலுவையில் இருப்பதைக் குழு கேட்கும். உங்கள் எம்.பி.யிடம் போகும்போது பொதுவாகப் புலம்பாமல், இன்ன தேதியில் இன்ன எண் கேள்விக்குக் கொடுத்த உறுதிமொழி நிலுவை என்று ஒரு தாளை நீட்டுங்கள். சார், இதைத் திரும்பக் கேளுங்கள் என்றால் அவருக்கும் வேலை சுலபம்.

படி 7: கிணற்றில் இறங்குங்கள்

காகிதத்தில் இருந்து வெளியே வருவோம். ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு அங்கேயே குவிந்து கிடந்தது. 2006-ல் ஓர் அமெரிக்க அமைப்பு உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்றாக ராணிப்பேட்டையைச் சேர்த்தது. மாசுபட்ட இடங்களைச் சீர்ப்படுத்த மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது 2025 ஜூலையில். அந்த விதிகளின்படி, உள்ளாட்சி அமைப்போ மாவட்ட நிர்வாகமோ சந்தேகத்துக்குரிய இடங்களை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பட்டியலிட்டுக் கொடுக்க வேண்டும். 90 நாளுக்குள் முதற்கட்ட ஆய்வு நடக்க வேண்டும். உங்கள் ஊராட்சி பட்டியல் கொடுத்ததா? இந்த ஒரு கேள்வியை அடுத்த கிராம சபையில் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராம சபை இதற்குப் பொருத்தமானது.

தண்ணீரைப் பரிசோதிக்கும்போது நிதானம் வேண்டும். கடையில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்பை மட்டும் காட்டும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மி.கி. வரை நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 2000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரநிலை. குரோமியத்தை அந்த மீட்டர் காட்டவே காட்டாது. அதன் வரம்பு லிட்டருக்கு 0.05 மி.கி.; ஆய்வகத்தில்தான் தெரியும். டி.டி.எஸ். 400 என்று காட்டியதும் நல்ல தண்ணீர் என்று நிம்மதியாகிவிடாதீர்கள்.

மாதிரி எடுக்கிற முறை: உலோகச் சோதனைக்கு வேண்டிய பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள், சிலவற்றில் அமிலம் விட்டுக் கொடுப்பார்கள், அதைக் கழுவக் கூடாது. மற்ற சோதனைகளுக்குப் புது பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். போரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். குழாயில் தங்கிய தண்ணீர் பொய் சொல்லும். சர்வே எண், ஆழம், தேதி, நேரம், கடைசியாக எப்போது மழை பெய்தது எல்லாவற்றையும் லேபிளில் எழுதுங்கள். மே மாதம் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒரு முறை, அதே கிணற்றில். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகம், அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகம் இரண்டிலும் கொடுத்தால் யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது. கிணற்றுக்காரர் அண்ணனோ பெரியப்பாவோ, முன்னே போய்ச் சொல்லிவிட்டு எடுங்கள். பக்கத்து டேனரியில் அவர் மகன் வேலை பார்த்தால் பயப்படுவார். அந்தப் பயத்தை மதியுங்கள், அவர் பெயரைப் பொதுவில் போடாதீர்கள்.

காற்றுக்கு, மத்திய வாரியத்தின் சமீர் செயலியில் வேலூர் வசந்தபுரம் நிலையத்தின் அளவு வருகிறது. பி.எம். 2.5-க்கு 24 மணி நேர வரம்பு 60 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி வரம்பு 40. அன்றன்றைய எண்ணைவிட எத்தனை நாள் எண்ணே வரவில்லை என்பதைக் குறியுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது என்பது அது சரியாக இயங்குகிறது என்பதற்குச் சாட்சி அல்ல. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது கழிவுச்சேறு பாய்ந்து பத்துப் பேர் இறந்தார்கள்.

படி 8: பத்து ரூபாய் மனு

தகவல் உரிமைச் சட்ட மனுவில் "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் "கருத்துக் கூற இயலாது" என்று பதில் வரும். ஆவணத்தைக் கேளுங்கள். மத்திய வாரியத்துக்கு ஆர்.டி.ஐ. ஆன்லைன் தளத்தில் இப்படி எழுதலாம்:

"வேலூர் - வட ஆற்காடு கடுமாசுப் பகுதி தொடர்பாக, நீர்ச் சட்டம் பிரிவு 18(1)(b)-ன் கீழ் 2018 முதல் இன்று வரை தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பப்பட்ட கட்டளைகள் அனைத்தின் நகல்கள். ஒவ்வொன்றுக்கும் பெறப்பட்ட இணக்க அறிக்கைகளின் நகல்கள். இதே பகுதிக்கு இதே காலத்தில் ஆண்டுவாரியாக விடுவிக்கப்பட்ட, செலவிடப்பட்ட மத்திய நிதி பற்றிய பதிவேட்டின் நகல்."

ஐநூறு சொல்லுக்குள் முடியுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. முப்பது நாள் பொறுங்கள். பதில் இல்லை, அரைகுறை என்றால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் சரியில்லை என்றால் தொண்ணூறு நாளுக்குள் மத்திய தகவல் ஆணையம். இந்தச் சட்டத்தின் 2(j) பிரிவு, வேலையை நேரில் பார்வையிடவும் சான்றளித்த மாதிரி எடுக்கவும்கூட உரிமை தருகிறது. அதை யாரும் கேட்பதில்லை, கேட்டுப் பாருங்கள்.

படி 9: மதிப்பெண் போட்டுக் கொண்டுபோய்ச் சேருங்கள்

ஒவ்வொரு வாக்குக்கும் எதிரே இந்த ஐந்தில் ஒன்றை எழுதுங்கள்: நிறைவேறியது, நடக்கிறது, கெடு தாண்டியது, கோல் மாறியது, தகவல் மறுப்பு. இதுவரை நான் பார்த்த ஆவணங்களை வைத்து என் கணக்கு இது. மின் நிறுவுதிறன் நிறைவேறியது. உமிழ்வுச் செறிவு நடக்கிறது. காடு, எண் ஏறுகிறது, ஆனால் கோலில் சந்தேகம். அனல் நிலையக் கந்தகம் கோல் மாறியது. பாலாறு கெடு தாண்டியது, அதுவும் ஒரு தலைமுறை. உலகம் பார்க்கிற வாக்குகளில் அரசு கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. உள்ளூர்த் தண்ணீரிலும் காற்றிலும் அந்தச் சுறுசுறுப்பு இல்லை. உங்கள் நோட்டு வேறு மாதிரி சொன்னால் அதை நம்புங்கள்.

பிறகு, தீவிரத்தைப் பொறுத்து. மாவட்ட அளவில் தீரக்கூடியது திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கும் மாதாந்திர விவசாயிகள் கூட்டத்துக்கும் போகட்டும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். மத்திய அமைச்சகமோ வாரியமோ கடமையைச் செய்யவில்லை என்று ஆவணம் பேசினால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய், வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். காரணம் எழுந்த நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். போதிய காரணம் காட்டினால் இன்னும் அறுபது நாள் கிடைக்கும். இழப்பீடு கேட்பதென்றால் ஐந்து ஆண்டு வரை அவகாசம் உண்டு. ஆகவே ஆய்வக முடிவு கைக்கு வந்த தேதியையும், தகவல் உரிமைப் பதில் வந்த உறையின் அஞ்சல் முத்திரையையும் பத்திரப்படுத்துங்கள். காலக்கெடு பற்றிய வாதம் வந்தால் முதலில் கேட்கப்படுவது அந்த இரண்டும்தான்.